கங்கைகொண்ட சோழேச்சரம்: அழிவும் காப்பும்

ஏட்டில் எழுதப்பெற்ற நூல் ஒன்று செல்லரித்துச் சிதையுமாயினும், அதற்கு வேறு படிகள் உளவாயின் நூல் அழிவதில்லை. ஓர் ஊரில் முறிந்து கிடந்த ஏடு பிறிதோர் ஊரில் முழுமையாகக் கிடைத்தலும், ஒரு மடத்துச் சுவடியில் விடுபட்ட பாடல் வேறொரு மடத்துச் சுவடியில் வெளிப்படுதலும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியோர் பலகாலும் கண்ட உண்மையாம். கல்லில் எழுந்த நூலோ அத்தன்மைத்தன்று. ஒரு திருக்கோயிலின் விமானமும், அதன் கோட்டங்களில் அமைந்த திருவுருவங்களும், சுவர்களில் வெட்டப்பெற்ற சாசனங்களும் ஒருங்கு சேர்ந்து ஒரே படியாய் நிற்கும் பெருநூல் ஆகும். அதன்கண் ஓர் ஏடு போயின் போயதே. ஒப்பு நோக்கித் திருத்திக் கொள்ளுதற்கு மற்றொரு படி உலகில் இல்லை.

இவ்வுண்மையை நன்கு விளக்கி நிற்பது கங்கைகொண்ட சோழேச்சரம் என்னும் சிவாலயத்தின் வரலாறாகும். இது பேரரசன் ஒருவனால் எடுக்கப்பெற்று, பேரரசு வீழ்ந்தபின் கேட்பாரற்றுக் கிடந்து, கல்லுக்காக இடிக்கப்பெற்று, பின்னர்ச் சிறிது சிறிதாகக் காப்பாற்றப்பட்ட கோயில். பழங்கோயில்கள் எவ்வாறு அழிகின்றன, எவற்றால் நிலைபெறுகின்றன என்பதை ஆராய்வார்க்கு இதனினும் தெளிந்த சான்று அரிதே.

நகரும் திருக்கோயிலும்

இக்காலத்து அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்துக்கு அருகே, கொள்ளிடத்தின் வடபால் அமைந்த சிற்றூர் கங்கைகொண்ட சோழபுரம். வயல்களுக்கும் சில தெருக்களுக்கும் இடையே விண்ணளாவி எழும் விமானம் ஒன்றைத் தவிர, இவ்வூர் ஒருகாலத்துத் தென்னாடு முழுவதற்கும் தலைநகராய் விளங்கியது என்பதைப் புதியோர்க்கு அறிவிப்பது பிறிதொன்றும் இல்லை.

முதலாம் இராசராசன் மகனாகிய முதலாம் இராசேந்திரன் 1014 முதல் 1044 வரை அரசு புரிந்தான். அவன் படைகள் வடக்கே கங்கைக் கரை வரை சென்று வெற்றியோடு மீண்டன. அவ்வெற்றியின் நினைவாகவே புதிய நகரும், அதன் நடுவே சிவபெருமானுக்குப் பெருங்கோயிலும், நகருக்கு மேற்கே சோழகங்கம் என்னும் ஏரியும் தோற்றுவிக்கப்பட்டன. அவ்வேரி நீரால் ஆகிய வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளிற் போற்றப்பெறுகின்றது. பகைவர் நாட்டில் கல்தூண் நாட்டுதலே வெற்றி வேந்தர்க்கு வழக்கமாக, இவனோ தன் நாட்டு உழவர்க்குப் பயன்படும் நீரையே தூணாக நாட்டினான் என்பது கருதத்தக்கது. இந்நகர் அவன் காலந்தொட்டுச் சோழராட்சி முடிவுற்ற 1279ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராய் நிலவியது.

1035ஆம் ஆண்டில் நிறைவெய்தியதாகக் கொள்ளப்பெறும் இக்கோயிலின் விமானம் 53 மீட்டர் உயரமுடையது. தந்தை தஞ்சையில் எடுத்த விமானம் நேரிய கோடுகளால் நிமிர்ந்து ஆண்தகைமை காட்டி நிற்பது. மகன் எடுத்த இவ்விமானமோ உயரத்திற் சிறிது குறைந்து, மேலே செல்லச் செல்ல உள்நோக்கி மெல்ல வளைந்து, மென்மையும் பெருமையும் ஒருங்கே தோன்ற எழுவது. இரண்டும் சைவ உலகுக்கு இரு கண்கள் என்னலாம்.

இக்கோயிலின் திருவுருவங்களுள் சைவ நூலாராய்ச்சியாளர் சிறப்பாக நோக்கற்பாலது, வடபுற வாயிற் படிகளின் அருகே அமைந்த சண்டேசுர அநுக்கிரக மூர்த்தம். உமையம்மையாரோடு எழுந்தருளிய இறைவன், தம் திருமுன் கைகூப்பி அமர்ந்த சண்டேசுர நாயனாரின் முடியில் கொன்றை மாலையைத் தாமே சூட்டும் திருக்கோலம் அது. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது 12ஆம் நூற்றாண்டு. இச்சிற்பமோ அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது. ஆகவே, தேவாரத்தில் சுட்டப்பெற்றுத் திருத்தொண்டத் தொகையால் வகுக்கப்பெற்ற அடியார் வரலாறு சேக்கிழார்க்கு முன்னரே மக்கள் உள்ளத்தில் எவ்வாறு நிலவியது என்பதற்கு இக்கல் நேர்ச்சான்றாகும். நூலுக்கு உரை காண்பார் இதனையும் ஓர் உரையாகக் கொள்ளுதல் தகும்.

இத்திருக்கோயிலைக் கருவூர்த் தேவர் பாடிய திருப்பதிகம் ஒன்பதாந் திருமுறையின்கண் திருவிசைப்பாவுள் அமைந்துள்ளது. அப்பதிகம் ஏடுகளிற் பெயர்த்தெழுதப்பட்டும், ஓதுவார் நாவில் வழங்கியும் இன்றுகாறும் நின்று நிலவுகின்றது. பாட்டுக்குப் பல படிகள் இருந்தன. பாடப்பெற்ற கோயிலுக்கோ ஒரே படிதான் இருந்தது. அதற்கு நேர்ந்ததே இனிக் கூறப்படும்.

கல்லுக்காக இடிந்த மதில்

சோழர் குலம் ஒடுங்கியபின் நகர் சிதைந்தது. அரண்மனையும் மாளிகைகளும் பெரும்பாலும் செங்கல்லால் ஆயவை ஆதலின் மண்மேடாயின. அவை இருந்த இடத்திற்கு மாளிகைமேடு என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. கோயில் கருங்கல்லால் ஆயது ஆதலின் நின்றது. ஆயினும் அதற்கு நிவந்தமாக விடப்பட்ட ஊர்களும், அவற்றிலிருந்து வந்த நெல்லும் பொன்னும், அவற்றால் வாழ்ந்த பணிமக்களும் இல்லாதொழிந்தமையால், பேரரசின் பொருளால் நடத்தற்கென வகுத்த கோயிலை ஒரு சிற்றூரின் பொருளால் நடத்த வேண்டியதாயிற்று. சிற்றூர்ப் பெருங்கோயில்கள் யாவற்றுக்கும் உள்ள இடர்ப்பாடு இதுவேயாம். ஆளுயர்ந்த மதிலும் அகன்ற திருச்சுற்றும் பிற்காலத்துப் போர்களில் அரணாகவும் பயன்பட்டன. கோயிலைக் காத்தற்கு எழுந்த மதிலே கோயிலுக்குப் பகையை அழைக்கும் வாயிலாயிற்று.

இவற்றினும் பெருங்கேடு 1836ஆம் ஆண்டில் நேர்ந்தது. அக்காலத்தில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டப்பட்டன. கீழணை கட்டப்பெற்ற இடம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே உள்ள அணைக்கரை. ஆற்று மணலில் அணை எடுத்தற்குக் கருங்கல் மிகுதியும் வேண்டியிருந்தது, அண்மையில் மலையில்லை. வெட்டிச் செதுக்கிய கல்லோ அருகேயே ஒரு பாழ்பட்ட கோயிலிற் குவிந்து கிடப்பதாக அலுவலர்க்குத் தோன்றியது. சுற்று மதில் ஏறத்தாழ முழுவதும் பெயர்க்கப்பட்டது. கோயிலை அணிசெய்த சிற்பக்கற்கள் பலவும் அவ்வழியே சென்றன.

இச்செய்தி 1855இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் குறிப்பால் தெரியவருகின்றது. ஊர் மக்கள் தம்மால் இயன்றவரை இவ்வழிவைத் தடுத்தனர் என்றும், அக்கோயிலின்மேல் யாதோர் உரிமையும் காட்டவியலாத அரசின் ஏவலர் அதனை இடித்தனர் என்றும், தடுத்தவர்கள் ஆணையை அவமதித்தார் எனத் தண்டிக்கப்பட்டதே கண்ட பயன் என்றும் அக்குறிப்புடையார் மனம் வருந்தி எழுதியுள்ளார். பெயர்த்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொல்லப்பட்ட உறுதிமொழி நிறைவேற்றப்படவில்லை என்பதையும் அவர் மறையாது கூறினார்.

அம்மக்களின் பெயர்கள் எவ்வேட்டிலும் பொறிக்கப்படவில்லை. அவர்தம் பக்கத்தில் சட்டம் இல்லை; செல்வம் இல்லை; எடுத்துப் பேச ஒரு கழகமும் இல்லை. எனினும் கோயிற்கல் கோயிலுக்கே உரியது என்னும் ஒன்றனை அவர் ஐயமின்றி அறிந்திருந்தனர். பிற்காலத்து அறிஞர் அவைகளும் அரசுகளும் பல ஆண்டு ஆராய்ந்து கண்ட முடிபும் அதுவே அன்றோ?

கீழணையால் விளைந்த நன்மையை மறுத்தல் நடுநிலையாகாது. அவ்வணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே வீரநாராயணன் ஏரியாகிய வீராணத்துக்குச் செல்கின்றது. அவ்வேரி முதற் பராந்தகன் பெயரால் சோழர் அமைத்ததே. சோழர் கோயிற்கல் சோழர் ஏரிக்கு நீர் பாய்ச்சுகின்றது எனச் சிலர் மனம் அமைதியுறலாம். ஆயின் வினா அணை வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று. அணைக்குக் கல் வேறிடத்தும் கிடைக்கும். மதிலில் எழுத்திருந்ததாயின் அவ்வெழுத்து வேறெங்கும் கிடையாது. ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அதன்கண் யாது எழுதியுளது என்று நோக்குவாரும், நோக்கியதனைப் படியெடுப்பாரும் அன்று இல்லாது போயினர் என்பதே குறை.

படியெடுத்தபின் பிரித்த மரபு

இக்குறையின் பெருமையை உணர்தற்கு, கங்கைகொண்ட சோழேச்சரம் எடுத்த அதே வேந்தன் காலத்து நிகழ்ச்சி ஒன்றே போதியதாகும். அதே கொள்ளிடத்தின் வடகரையில், மேற்கே, மூவர் பாடல் பெற்ற திருமழபாடி உள்ளது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அக்கோயிலின் பழைய ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதியதாக எடுக்க ஆணையிட்டான். அவ்வாறு பிரிக்குமுன், சுவர்களில் இருந்த கல்வெட்டுக்கள் யாவும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளப்பட்டன. கோயில் மீண்டும் எழுந்தபின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அப்புத்தகத்தின்படி பழஞ்சாசனங்கள் புதிய சுவரில் மறுபடியும் வெட்டப்பட்டன. இடையிட்ட காலம் ஏறத்தாழ 13 ஆண்டுகள். தந்தை இட்ட ஆணையை மகன் காலத்தும் மறவாது முடித்தனர்.

இவ்வழக்கம் அவர்க்கும் முற்பட்டது. தில்லைப் பெருமானைத் திருவிசைப்பாவால் பாடிய கண்டராதித்தரின் தேவியார் செம்பியன் மாதேவியார், செங்கல்லால் ஆகிய பழங்கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கிய பெருமாட்டியார் என்பது யாவரும் அறிந்தது. அவ்வம்மையார் காலத்தில் திருக்கோடிகாவில் கற்றளி எழுந்தபோது, பல்லவர் காலம் முதலாகச் சிதறிக்கிடந்த பழஞ்சாசனங்களைப் புதுச்சுவரில் பெயர்த்தெழுதுவித்தார். அங்ஙனம் எழுதியவற்றின்கண் இது பழைய கல்லின் படியே என்னும் பொருள்படக் குறிப்பும் இடப்பெற்றது. மூலம் இது, படி இது என வேறுபடுத்திக் காட்டும் இந்நேர்மை இக்காலத்துப் பதிப்பாசிரியர்க்கும் இலக்கணமாதற்குரியது.

ஆகவே, பழமையைப் போற்றுதல் மேனாட்டாரிடமிருந்து பிற்காலத்தே வந்த புதுக்கொள்கை என்பாரும், புதுக்குதலே சைவ மரபு, பழங்கல்லைப் போற்றுதல் வீண் என்பாரும் ஒருங்கே தவறுகின்றனர். சோழர் புதுக்கினர், பழமையைத் தொலைக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் திருமழபாடியில் செய்யப்பட்டது 1836இல் அதே ஆற்றங்கரையில் செய்யப்படாது போயிற்று என்பதே உண்மை.

மீட்சி

1836ஆம் ஆண்டுக்குப் பின்னும் விமானம் நின்றது. அதன் பெருவடிவே அதற்குக் காப்பாயிற்று. 1886இல் சென்னை மாகாணத்துக் கல்வெட்டுக்களைத் தொகுத்தற்கென அறிஞர் ஒருவர் அரசால் அமர்த்தப்பட்டபின், தென்னாட்டுக் கோயிற் சாசனங்கள் ஒழுங்காகப் படியெடுக்கப்படலாயின. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்துக் குழிகளில் தாள் படியச்செய்து, மேலே மை ஒற்றி எடுக்கும் மைப்படி எளிய முறையே. எனினும் ஒரே படியாயிருந்த கல்நூலுக்கு இரண்டாவது படியை அளித்தது அதுவே. கங்கைகொண்ட சோழேச்சரத்துக் கல்வெட்டுக்களும் அந்நூற்றாண்டின் இறுதியில் இவ்வாறு எடுக்கப்பட்டன. அவற்றுள் காலத்தால் முற்பட்டது 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரனது நீண்ட சாசனம். கோயிலை எடுத்த இராசேந்திரன் பெயரால் அமைந்த சாசனம் ஒன்றும் எஞ்சி நிற்கும் சுவர்களில் இல்லை. தஞ்சைக் கோயிலில் இராசராசன் தானும் தன் தமக்கையும் தேவியரும் கொடுத்தனவற்றை விரிவாக வெட்டுவித்திருத்தலோடு இதனை ஒப்புநோக்குவார், மதில் போனதன் பொருளை உய்த்துணர்வர்.

1904ஆம் ஆண்டின் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டில் எழுந்த சட்டமும், இத்தகைய கட்டடங்களின் கல்லை எவரும் தம் விருப்பம்போற் பெயர்த்தல் குற்றம் என வகுத்தன. 1836இல் தடுத்தவர்க்குத் தண்டனை. இச்சட்டங்களுக்குப் பின் இடிப்பவர்க்குத் தண்டனை. நீதி தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் காப்பில் கோயில் வந்தது. மாளிகைமேட்டில் 1980ஆம் ஆண்டுகள் முதலாக நடந்த அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. 1987இல் தஞ்சைப் பெருங்கோயில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. 2004இல் கங்கைகொண்ட சோழேச்சரமும் தாராசுரத்து ஐராவதேச்சரமும் அதனோடு சேர்ந்து மூன்றும் ஒருதொகையாயின.

சட்டம் கல்லைக் காக்கும். கோயிலை உயிர்ப்பிப்பது வழிபாடு. 1932ஆம் ஆண்டுக்குப்பின் நெடுங்காலம் நிகழாதிருந்த மகா கும்பாபிடேகம் 85 ஆண்டுகள் கழித்து 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிகழ்ந்தது. ஐப்பசி முழுமதி நாளில் ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுடைய சிவலிங்கத் திருமேனிக்கு நிகழும் அன்னாபிடேகத்தைக் காண மக்கள் பெருந்திரளாய்க் கூடுகின்றனர். மக்கள் வந்து வணங்கும் கோயிலில் ஒரு கல் அசைந்தால் ஊர் அறியும். வணங்குவார் இல்லாத கோயிலில் மதிலே போயினும் அறிவார் சிலரே.

காப்பார் கடன்

ஈண்டு ஒரு தடை நிகழும். கோயில் வழிபாட்டுக்கு உரியது, காட்சிச்சாலையன்று. ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் எனப் பழுது நீக்கிப் புதுக்குதற்கு விதி வகுத்துள. ஆகவே பழங்கல்லின் மேல் பற்று வைத்தல் எதற்கு என்பது அத்தடை. இதற்கு விடை சிவஞானபோதமே தருகின்றது. அதன் 12ஆம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுதற்குரியன என்று முடிக்கின்றது. ஆலயம் அரனே எனக் கொண்ட சித்தாந்திக்கு அதன் மதிலும் அடித்தளமும் வெறுங்கல் ஆகா. திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கையில் தாங்கிய உழவாரப்படை புல்லும் புதரும் களைந்து கோயிலைக் காத்த கருவியேயன்றி, பழமையைச் செதுக்கி நீக்கிய கருவியன்று. சீர்ணோத்தாரண விதியும் பழுதுற்றதனை நோக்கியதே; பழுதுறாததனை அழித்தற்கு அது இடந்தருவதன்று.

இக்காலத்துப் பல ஊர்க்கோயில்களுக்கு இடையூறு பகைவரால் வருவதன்று, அன்பரால் வருவது. தரையை உயர்த்திப் பளிங்கு பதித்தலால் அதிட்டானத்துக் கல்வெட்டுக்கள் மண்ணுள் புதைகின்றன. மணலை விசையோடு வீசிக் கல்லைத் தூய்மை செய்தலால் எழுத்து விளிம்புகள் தேய்கின்றன. சுண்ணமும் வண்ணமும் பலகால் பூசுதலால் எழுத்துக்கள் மறைகின்றன. சுண்ணச்சாந்து இருந்த இடத்தில் சிமெண்டு இடுதலால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லும் செங்கல்லும் அரிக்கப்படுகின்றன. செய்வோர் நெஞ்சில் பத்தி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் 1836இல் மதிலைப் பெயர்த்தார் செயலுக்கும் இதற்கும் எழுத்தின் அளவில் பயன் ஒன்றே.

ஆதலின் திருப்பணி தொடங்குவோர் முதற்கண் செய்யத்தக்கது பொருள் திரட்டுதல் அன்று, படியெடுத்தல். எல்லாச் சுவர்களையும் ஒளிப்படம் எடுத்தல், கல்வெட்டறிஞரைக் கொண்டு மைப்படி எடுத்தல், பிரிக்க வேண்டிய கற்களுக்கு எண்ணிட்டு அவ்வெண் வரிசையே மீண்டும் அடுக்குதல், விமானத்தில் வேர்விட்ட ஆலும் அரசும் இளமையிலேயே நீக்குதல், மழைநீர் தேங்காது வடிகால் அமைத்தல் என்னும் இவை பெரும்பொருள் வேண்டாதவை. ஊர்மக்கள் தாமே முன்னின்று நடத்தத்தக்கவை. பேரரசின் நிவந்தம் இன்று இல்லையாயினும் இவற்றுக்கு அது வேண்டுவதும் இல்லை.

திருமழபாடியில் புத்தகத்தில் எழுதிக்கொண்டு பின் பிரித்தவரும், திருக்கோடிகாவில் பழங்கல்லின் படியைப் புதுச்சுவரில் ஏற்றியவரும், கங்கைகொண்ட சோழபுரத்தில் தண்டனைக்கு அஞ்சாது மதிலின்முன் நின்றவரும் ஒரு குலத்தவரே. வேந்தரும் தேவியரும் செய்ததைப் பெயர் தெரியாத அச்சிற்றூர் மக்களும் தம் நிலைக்கேற்பச் செய்தனர். அவர் காக்க முயன்று இழந்தவை மீளா. எஞ்சி நிற்கும் ஒவ்வோர் ஊர்க்கோயிலின் சுவரும் அவ்வாறே ஒரே படியாய் நிற்பது என்பதை உணர்ந்து, உளி படுமுன் மைப்படி பட வேண்டும் என்னும் ஒரு நெறியையேனும் சைவ நன்மக்கள் தத்தம் ஊரில் மேற்கொள்ளுதல் அச்சிவபுண்ணியத்தைத் தொடர்வதாகும்.